ஸ்பொன்சர் போட்டுட்டுக் காத்திருக்கிறன், தங்கச்சியின்ர கலியாணத்துக்குப் போய்வரலாமோ? அவசரம்

மதி_வவுனியா | ஆகஸ்ட் 20, இரவு 11.42
எல்லாருக்கும் வணக்கம். இவர், என்ர கணவர், என்னைக் கனடாவில பிஆருக்கு, அதாவது நிரந்தர வதிவுரிமைக்கு, ஸ்பொன்சர் பண்ணியிருக்கிறார், இன்னும் முடிவு வரேல்ல. விசிற் விசாவில வந்து இவரோட ஸ்காபுரோவில இருக்கிறன். விசா 2031 மட்டும் இருக்கு, அதால அதில பிரச்சினை இல்லை. செப்டெம்பர் 11 ஊரில தங்கச்சிக்குக் கலியாணம். 3ஆம் திகதி போய் 28 திரும்பி வாறதுக்கு டிக்கெற் பார்த்து வைச்சிருக்கு, நாளைக்குப் பின்னேரத்துக்குள்ள காசு கட்டவேணும். போனால் ஃபைல் பாதிக்குமோ? தெரிஞ்ச ஆக்கள் கெதியாச் சொல்லுங்கோ.

தில்லை_மார்க்கம் | ஆகஸ்ட் 20, இரவு 11.58
தங்கச்சி, முக்கியமானதை விட்டிட்டீங்கள். இன்லாண்டோ அவுட்லாண்டோ? அதைச் சொல்லாமல் ஒருத்தராலயும் பதில் சொல்லேலாது. எப்ப கனடாவுக்க வந்தனீங்கள்? கோப்பு கிடைச்சது எண்டு கடிதம் வந்திட்டுதோ?

மிசிசாகா_செந்தில் | ஆகஸ்ட் 21, காலை 6.15
டிக்கெட்டுக்குப் பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஜிசிஎம்எஸ் நோட்ஸ், அதாவது குடியேற்றத் துறை கம்ப்யூட்டர்ல இருக்கிற உங்க ஃபைல் குறிப்பு, எடுத்துப் பாருங்க சகோதரி. அஞ்சே டாலர்தான். உங்க ஃபைல்ல ஆபீசர் என்ன எழுதியிருக்கார்னு அதுல வரும். என் மனைவி ஃபைல் நாலு மாசம் அசையாம கிடந்தது. நோட்ஸ் எடுத்த பிறகுதான் மெடிக்கல் இன்னும் ஃபைல்ல சேரலைன்னே தெரிஞ்சுது. யார் கேட்டாலும் நான் முதல்ல சொல்றது இதுதான்.

பழைய_கோப்பு | ஆகஸ்ட் 21, காலை 7.30
நோட்ஸ் வர ஒரு மாசம் எடுக்கும். அவவுக்கு இருக்கிறது இரண்டு கிழமை. கேள்வியை ஒழுங்கா வாசிச்சிட்டுப் பதில் எழுதுங்கோ.

மதி, இந்தக் கேள்வி இஞ்ச மாசத்துக்கு நாலு தரம் வருது. மேல குத்தி வைச்சிருக்கிற பதிவை வாசிச்சிருந்தால் "விசா 2031 மட்டும் இருக்கு, பிரச்சினை இல்லை" எண்டு எழுதியிருக்க மாட்டீங்கள். பாஸ்போட்டில ஒட்டியிருக்கிற விசாவில உள்ள திகதி, நீங்கள் கனடா வாசலுக்கு வரக்கூடிய கடைசித் திகதி. உள்ளுக்க எவ்வளவு காலம் நிக்கலாம் எண்டதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. விமான நிலையத்தில அதிகாரி வேற திகதி எழுதியிருந்தால் அந்தத் திகதி. எழுதேல்ல எண்டால், ஸ்டாம்ப் குத்தேல்ல எண்டாலும், வந்த நாளில இருந்து 6 மாசம். விசிற்றர் ரெக்கோட் எண்டு தனித்தாள் தந்திருந்தால் அதில உள்ள திகதி. இந்த மூண்டில உங்களுக்கு எது?

மதி_வவுனியா | ஆகஸ்ட் 21, காலை 9.05
பாஸ்போட் இவரின்ர அலுமாரியில, அவர் வேலைக்குப் போட்டார். மார்ச் 9 வந்தனான். ஸ்டாம்ப் இருக்கு, திகதி எழுதினமாதிரி ஞாபகம் இல்லை. ஃபோர்ம் நிரப்பித் தந்த முகவர் 2031 மட்டும் நிக்கலாம் எண்டுதான் சொன்னவர். இன்லாண்ட் எண்டால் என்ன? எழுத்து, அதாவது கலியாணப் பதிவு, 2023 ஆவணி, கோயில் கலியாணம் 2024 தை. படங்கள் எல்லாம் குடுத்திருக்கு.

தில்லை_மார்க்கம் | ஆகஸ்ட் 21, காலை 9.20
மார்ச் 9 எண்டால் செப்டெம்பர் 9ஓட உங்கட 6 மாசம் முடியுது. இன்னும் 19 நாள்தான். கலியாணத்தை ஒரு பக்கம் வையுங்கோ, முதல் இதைப் பாருங்கோ. முடியிறதுக்கு முந்தி நீடிப்புக்குப் போட்டால், முடிவு வரும் மட்டும் நீங்கள் நிக்கிறது சட்டப்படிதான். முந்தி அதை இம்ப்ளைட் ஸ்டேட்டஸ் எண்டவை, இப்ப மெயின்டெய்ன்ட் ஸ்டேட்டஸ். 30 நாளுக்கு முந்திப் போடச் சொல்லித்தான் சொல்லுறவை. ஆனால் கடைசி நாள் போட்டாலும் செல்லும்.

பாஸ்போட்டை வைச்சுப் பார்க்காமல் ஒரு சதமும் கட்டாதேங்கோ.

கறுவா_மரம் | ஆகஸ்ட் 21, காலை 10.02
பயப்பிடாதேங்கோ அக்கா. கணவன் மனைவி எண்டால் ஸ்டேட்டஸ் போனாலும் இன்லாண்ட் ஃபைலைத் தள்ளுபடி செய்யமாட்டினம். 2005இல வந்த பொதுக்கொள்கை இருக்கு. என்ர மச்சாள் அப்பிடித்தான் பிஆர் எடுத்தவ.

பழைய_கோப்பு | ஆகஸ்ட் 21, காலை 10.15
அந்தக் கொள்கை உண்மைதான். ஆனால் அது விழுந்த ஆளைத் தூக்கிறதுக்கு. நிக்கிற ஆளை ஏன் விழச் சொல்லுறீங்கள்? ஸ்டேட்டஸ் போனால் வேலை பெர்மிற் சிக்கல், மீட்டெடுக்க 90 நாள்தான் அவகாசம், அதுக்கு வேற காசு. 19 நாளும் ஒரு கிரெடிட் காட்டும் கையில இருக்கேக்க அந்தப் பக்கம் போகவே தேவையில்லை.

நிலா_அஜாக்ஸ் | ஆகஸ்ட் 21, மதியம் 12.40
மதி அக்கா, நானும் இப்பிடித்தான் 14 மாசம் இஞ்ச இருந்து காத்திருந்தனான், அதால கொஞ்சம் விரிவா எழுதிறன்.

இன்லாண்ட் எண்டால் கனடாவில சேர்ந்து வாழுற கணவன் மனைவி எண்ட பிரிவில போடுறது. அவுட்லாண்ட் எண்டால் கனடாவுக்கு வெளியில இருக்கிற ஆக்களுக்கெண்டு வைச்ச குடும்பப் பிரிவு. கனபேருக்குத் தெரியாதது என்னண்டால், அவுட்லாண்டில போட்டிட்டும் இஞ்ச விசிற்றரா வந்து நிக்கலாம். "இஞ்ச இருக்கிறன், அதால இன்லாண்ட்தான்" எண்டு இல்லை. ஃபோர்மில எதைத் தெரிஞ்சவர் எண்டு உங்கட அவரிட்டைக் கேளுங்கோ.

ஏன் முக்கியம் எண்டால், அவுட்லாண்ட் மறுக்கப்பட்டால் ஸ்பொன்சர் 30 நாளுக்குள்ள குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். இன்லாண்டுக்கு அந்த உரிமை இல்லை, கூட்டாட்சி நீதிமன்றத்திலதான் அனுமதி கேட்கவேணும், அதுவும் 15 நாளுக்குள்ள. இன்லாண்ட் போட்ட ஆள் ஊருக்குப் போய்த் திரும்பி உள்ளுக்க விடேல்ல எண்டால், "கனடாவில சேர்ந்து வாழுறம்" எண்ட அடிப்படையே ஆடிப்போகும். பயணத்துக்குத் தடை இல்லை. திரும்பி வாறதுக்கு உத்தரவாதமும் இல்லை. பல தடவை வரக்கூடிய விசா கையில இருந்தாலும் வாசலில நிக்கிற அதிகாரிதான் தீர்மானிக்கிறவர். பிஆருக்குப் போட்டிட்டு விசிற்றரா வாறது குற்றம் இல்லை, சட்டத்தின்ர 22(2) பிரிவு இரண்டு எண்ணமும் ஒண்டா இருக்கலாம் எண்டுதான் சொல்லுது. ஆனால் பிஆர் வராட்டில் திரும்பிப் போவன் எண்டு அவர் நம்பவேணும்.

கோப்பு கிடைச்ச கடிதம் வந்திட்டுது எண்டால் விசிற்றர் நீடிப்பை விட்டிட்டு, எந்த முதலாளியிட்டையும் வேலை செய்யக்கூடிய திறந்த வேலை பெர்மிற்றுக்கே போடுங்கோ. 255 டொலர். 2023 வைகாசியில இருந்து இஞ்ச கணவனோட இருக்கிற அவுட்லாண்ட் ஆக்களும் போடலாம். கடிதம் வரேல்ல எண்டால் அதைப் போடாதேங்கோ, திருப்பி அனுப்பினால் உங்கட ஸ்டேட்டஸும் அதோட போயிடும். அப்பிடியெண்டால் 100 டொலர் கட்டி விசிற்றர் நீடிப்பு.

பெர்மிற் கையில வரும் மட்டும் ஒரு இடத்திலயும் வேலைக்குப் போகாதேங்கோ. கையில காசு தாறம் எண்டு கூப்பிடுவினம், போகாதேங்கோ.

பழைய_கோப்பு | ஆகஸ்ட் 21, மதியம் 1.10
நிலா எழுதினது சரி. இன்னொண்டு. எழுத்து 2023, கலியாணம் 2024 எண்டு எழுதியிருக்கிறா. உங்கட உறவு விபரம் எழுதுற 5532 ஃபோர்மில எந்தத் திகதியைக் கலியாணத் திகதி எண்டு போட்டவை? பதிவுத் திகதி மட்டும்தான் கலியாணத் திகதி. கோயில் திகதியைப் போட்டிருந்தால் சான்றிதழோட முரண்படும்.

மிசிசாகா_செந்தில் | ஆகஸ்ட் 21, மதியம் 1.35
பதிவு மட்டும்தான் கல்யாணம்னு பொதுவா சொல்லாதீங்க ஐயா. இந்தியாவுல இந்து திருமணச் சட்டம் 1955, 7ஆவது பிரிவுப்படி சடங்கு நடந்த நாள்தான் கல்யாண நாள். பதிவு அதுக்கு அத்தாட்சி மட்டும். தமிழ்நாட்டுல 1967ல 7ஏ சேர்த்த பிறகு ஐயரும் வேண்டாம், அக்கினியும் வேண்டாம், மாலை மாத்தினாலே போதும். எங்க அப்பா அம்மா அப்படித்தான் கட்டிக்கிட்டாங்க. பதிவு பண்ணது எனக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போது.

பழைய_கோப்பு | ஆகஸ்ட் 21, மதியம் 1.50
இது வவுனியாக் கலியாணம் தம்பி. இந்தியச் சட்டம் இதுக்கு எதுக்கு?

தில்லை_மார்க்கம் | ஆகஸ்ட் 21, மதியம் 2.20
இலங்கையிலயும் வழக்கப்படி நடந்த கலியாணத்தை நீதிமன்றம் ஏற்றிருக்கு, பதிவு இல்லாட்டிலும். அதால "மட்டும்தான்" எண்டு அடிச்சுச் சொல்லேலாது. ஆனால் எங்கட ஆக்களுக்கு எழுத்து முந்தி வாறது வழக்கம். மாப்பிள்ளை வெளிநாட்டில இருந்து இரண்டு கிழமை லீவில வந்து எழுத்தை முடிச்சிட்டுப் போவார், தாலி அடுத்த வருசம். அந்த இடைவெளி அதிகாரிக்கு விளங்காது. ஒரு பக்கம் விளக்கம் எழுதிச் சேர்க்கிறது நல்லது: எழுத்து இன்ன திகதி, சட்டப்படி அண்டுதான் கலியாணம், சடங்கு இன்ன திகதி, ஏன் பிந்தினது. அவ்வளவுதான்.

கறுவா_மரம் | ஆகஸ்ட் 21, மதியம் 2.31
அண்ணையாக்கள், அவர் பிஆர் எடுத்தது எழுத்துக்கு முந்தியோ பிந்தியோ எண்டு ஒருத்தரும் கேட்கேல்ல! எழுத்து முடிஞ்ச பிறகு தனியாள் எண்டு சொல்லி வந்து இறங்கியிருந்தால், பிறகு அந்த மனைவியை ஸ்பொன்சர் பண்ணேலாது எண்டு சட்டம் இருக்கு. 2019இல ஒரு விலக்குத் திட்டம் வந்ததுதான், ஆனால் எல்லாருக்கும் இல்லை.

மிசிசாகா_செந்தில் | ஆகஸ்ட் 21, மதியம் 2.48
இது நல்ல கேள்வி. ஆனா பாவம், அவங்க இப்ப டிக்கெட் விஷயத்துல இருக்காங்க. இதையும் சேர்த்துப் பயமுறுத்த வேண்டாமே. சடங்கு எதுன்னு நான் பேச ஆரம்பிச்சிருக்கவும் கூடாது, மன்னிச்சுக்குங்க சகோதரி.

மதி_வவுனியா | ஆகஸ்ட் 21, மாலை 6.55
எல்லாம் வாசிச்சு நெஞ்சு படபடக்குது. இவர் 2018இலயே சிற்றிசன். பாஸ்போட் பார்த்தம், மார்ச் 9 ஸ்டாம்ப், திகதி ஒண்டும் எழுதேல்ல. ஃபோர்மில "கனடாவில" எண்டுதான் தெரிஞ்சிருக்கு, அப்ப இன்லாண்ட். கோப்பு கிடைச்ச கடிதம் ஜூன் 17 வந்திருக்கு. முகவர் எங்களுக்கு அனுப்பேல்ல, இண்டைக்குக் கேட்டாப் பிறகுதான் அனுப்பினவர். கலியாணத் திகதி எண்டு எழுத்துத் திகதிதான் போட்டிருக்கு.

அம்மாவோட இன்னும் கதைக்கேல்ல.

நிலா_அஜாக்ஸ் | ஆகஸ்ட் 21, இரவு 7.10
கடிதம் இருக்கு எண்டால் நல்லது. இண்டைக்கோ நாளைக்கோ வேலை பெர்மிற்றுக்குப் போடுங்கோ. 5710 ஃபோர்ம், கடிதத்தின்ர பிரதி, பாஸ்போட்டின்ர எல்லாப் பக்கமும், படம். முகவரை விட்டு உங்கட பெயரிலயே கணக்குத் திறவுங்கோ, அப்பத்தான் கடிதம் உங்களுக்கு வரும். காசு கட்டின ரசீதையும் அனுப்பினதுக்கான உறுதிக் கடிதத்தையும் பதிஞ்சு வையுங்கோ. நீங்கள் நிக்கிறது சட்டப்படி எண்டதுக்கு முடிவு வரும் மட்டும் அதுதான் கையில இருக்கிற சாட்சி.

அம்மாவிட்டை இண்டைக்கே சொல்லுங்கோ அக்கா. நான் என்ர அண்ணாவின்ர கலியாணத்துக்குக் கடைசி நாள்தான் வரேல்ல எண்டு சொன்னனான். அம்மா ஒரு மாசம் என்னோட கதைக்கேல்ல.

தில்லை_மார்க்கம் | ஆகஸ்ட் 21, இரவு 8.30
இன்லாண்டை மீளப் பெற்றுக்கொண்டு அவுட்லாண்டில புதிசாப் போடலாமோ எண்டு யோசிப்பீங்கள். போடலாம், ஆனால் வரிசையில முதலில இருந்து. ஒரு பயணத்துக்காகச் செய்யமாட்டன், நான் எண்டால்.

பழைய_கோப்பு | ஆகஸ்ட் 29, காலை 7.45
போட்டீங்களோ? எட்டு நாளாப் பதில் இல்லை. செப்டெம்பர் 9க்கு இன்னும் 11 நாள்.

மிசிசாகா_செந்தில் | செப்டெம்பர் 6, இரவு 9.20
சகோதரி, ஒரு வார்த்தை எழுதுங்க. மூணு நாள்தான் இருக்கு.

மதி_வவுனியா | செப்டெம்பர் 12, அதிகாலை 2.05
மன்னிக்கோணும், இஞ்சால வரேல்ல. ஆகஸ்ட் 23 வேலை பெர்மிற்றுக்குப் போட்டிட்டம், உறுதிக் கடிதம் வந்தது. டிக்கெற் எடுக்கேல்ல. தங்கச்சிக்கு நேற்றுக் காலை 9.40 முகூர்த்தம், இஞ்ச நடுச்சாமம் 12.10. தம்பி போனைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவன். தாலி கட்டேக்க கை ஆடி ஒண்டும் தெரியேல்ல, மேளச் சத்தம் மட்டும் கேட்டது. நிலாவுக்கும் மற்ற எல்லாருக்கும் நன்றி.

நிலா_அஜாக்ஸ் | செப்டெம்பர் 12, காலை 8.15
மதி அக்கா, அம்மா கதைச்சவவோ?