புதுப்பிப்பு: அண்ணனோடு நான்கு வருடப் பிணக்கு, கைகொடுத்த ஆதியாகமம் 32, 33

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கோத்தகிரியில் அப்பா விட்டுப்போன தேயிலைத் தோட்டத்தைப் பிரித்ததில் அண்ணனோடு நான்கு வருடமாகப் பேச்சில்லை, ஜெபிக்கவும் முடியவில்லை, எந்த வேதப்பகுதியைப் பிடித்துக்கொள்வது என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய அத்தனை பேருக்கும் நன்றி.

பலர் யோசேப்பைச் சொன்னீர்கள். எனக்கு அது ஒட்டவில்லை. யோசேப்பு அண்ணன்மாரால் விற்கப்பட்டு அநியாயம் செய்யப்பட்டவன். எல்லைக் கல்லை நகர்த்தி வைத்தவன் நானல்லவா? தான் ஏமாற்றிய அண்ணன் ஏசாவைச் சந்திக்கப்போன யாக்கோபை வாசிக்கச் சொன்ன சகோதரியின் பதில்தான் வேலை செய்தது. அண்ணன் 400 பேரோடு வருகிறான் என்று கேட்டு யாக்கோபு நடுங்குகிறான், ஜெபிக்கிறான். அதோடு நிற்கவில்லை. வெகுமதியை முன்னே அனுப்பிவிட்டு, இரவெல்லாம் தேவனோடு போராடியதில் சுளுக்கிய தொடையோடு நடந்துபோய் ஏழுதரம் தரைமட்டும் குனிகிறான்.

போன சனிக்கிழமை அரைக்கிலோ வர்க்கியோடு குன்னூர் பஸ் ஏறினேன். கட்டபெட்டில் இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. கதவைத் திறந்த அண்ணனின் விரல்களில் தேயிலைக் கறை. "தப்பு என்னுதுண்ணா" என்றேன். ஒன்றும் பேசாமல் என் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தார். அப்புறம் அண்ணி டீ வைத்தார்.

எதிர்பாராதது ஒன்று: இனி தோட்டத்தைச் சேர்ந்தே பார்க்கலாம் என்றேன், அண்ணன் வேண்டாம் என்றுவிட்டார். மனம் கசந்தது. வீட்டுக்கு வந்து மீதியை வாசித்தேன். கட்டித் தழுவி அழுத பிறகும் ஏசா சேயீருக்கும் யாக்கோபு சுக்கோத்துக்கும்தான் போகிறார்கள். ஆனால் 35:29இல் அப்பா ஈசாக்கை இருவரும் சேர்ந்து அடக்கம்பண்ணுகிறார்கள்.

செவ்வாய்க்கிழமை சர்வேயர் வருகிறார். கல்லைப் பழைய இடத்தில் நட நாங்கள் இருவரும் போகிறோம்.