ரேம் போட்டதுல இருந்து ஸ்க்ரீன் வரல, உதவி பண்ணுங்க

வணக்கம், லேப்டாப்ல 8 ஜிபி டிடிஆர்4 வகை ரேம் இருந்துச்சு, நேத்து ராத்திரி இன்னொரு 8 ஜிபி வாங்கி காலி ஸ்லாட்டுல போட்டேன், அதுல இருந்து பவர் லைட் எரியுது ஃபேன் சுத்துது ஆனா ஸ்க்ரீன் கருப்பாவே இருக்கு. பழசோட ஸ்பீடு 2666, புதுசோடது 3200, அதனாலயா? திங்கக்கிழமை பொண்ணு ப்ராஜெக்ட் குடுக்கணும், பயமா இருக்கு.

பதில் 1:
ஸ்பீடு காரணமா இருக்காதுங்க, பொதுவா ரெண்டும் 2666லயே ஓடும். புது ரேம் போட்டா முதல் தடவை மெமரி ட்ரெயினிங் (லேப்டாப் ரேமை சோதிச்சு அதுக்கேத்த மாதிரி செட் பண்ணிக்கிறது) நடக்கும், சில நிமிஷம் கருப்பா நிக்கும். விட்டுப் பாத்தீங்களா?

கேட்டவர்:
10 நிமிஷம் விட்டேன், ஒண்ணும் வரல.

பதில் 2:
அப்ப ரேம் சரியா உக்காரல. சார்ஜர புடுங்கி பேட்டரி கனெக்டரையும் கழட்டிட்டு பவர் பட்டனை 30 செகண்ட் அமுக்கிப் புடிங்க, அப்புறம் ரேமை சாய்வா வச்சு முழுசா உள்ள தள்ளிட்டு கீழ அமுக்குங்க, ரெண்டு பக்கமும் கிளிப் டிக்குனு புடிக்கணும். வரலேன்னா ஒவ்வொண்ணா தனியா போட்டுப் பாருங்க.

கேட்டவர்:
வந்துருச்சுண்ணா!! ஒரு ஓரத்துல தங்கக் கலர் பட்டை நூல் அளவு வெளிய தெரிஞ்சுது, அதான். இப்ப 16 ஜிபி காட்டுது, ரொம்ப நன்றி.

பதில் 1:
சந்தோஷம். ப்ராஜெக்ட் முடிஞ்சதும் ஒரு ராத்திரி மெம்டெஸ்ட்86 (ரேமை சோதிக்கிற சாஃப்ட்வேர்) ஓட விடுங்க, புது ரேம்ல ஒரு எரர் வந்தாலும் கடையில மாத்திக்கோங்க.