கார்த்தியைச் சுறா கடிக்கவில்லை

குழு: நம்ம வீடு

மாலா அத்தை: கார்த்தியைச் சுறா பிடித்துவிட்டதாமே? யாராவது அவனுக்குப் போன் போடுங்கள்

மாலா அத்தை: (வீடியோ, பலமுறை அனுப்பப்பட்டது)

வசந்தா சித்தி: என்ன அண்ணி சொல்கிறீர்கள்???

சுதா: அத்தை, அந்த வீடியோ போன வருடமே வந்தது. அதில் இருப்பவன் வெள்ளைக்காரன்

மாலா அத்தை: பாலுதான் சொன்னான், சுறாவிடம் சிக்கினான் என்று

பாலு: அம்மா!! அவன் எனக்கு அனுப்பியது "சுறா சிக்கியது". படத்தில் சிக்கியது

சுதா: 😂😂😂

வசந்தா சித்தி: சிரிக்காதே சுதா. எனக்குக் கை நடுங்குகிறது. போனை எடுக்க மாட்டேன் என்கிறான்

கார்த்தி: அம்மா, படகில் இருந்தேன், சிக்னல் இல்லை. நன்றாக இருக்கிறேன். பத்து விரலும் இருக்கிறது

கார்த்தி: (படம்)

வசந்தா சித்தி: ஐயோ, வாயைத் திறந்துகொண்டு இருக்கிறதே

வசந்தா சித்தி: நீ கரையில் உட்கார்ந்திருப்பேன் என்றுதானே சொல்லிவிட்டுப் போனாய்?

கார்த்தி: அது மூச்சு விடுகிறது அம்மா

சுதா: இரண்டாவது கேள்விக்குப் பதில் வரவில்லை

சந்திரன் பெரியப்பா: எல்லோரும் கொஞ்சம் பொறுங்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உடம்பு முழுக்கப் புள்ளி. ஆகவே இது சிறுத்தைச் சுறா. சுறாக்களுக்கு மற்ற மீன்களைப் போல எலும்பு கிடையாது, குருத்தெலும்புதான். அவை நீந்திக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் மூச்சடைத்துச் செத்துவிடும். இது மணலில் கிடக்கிறது. ஆகவே பாவம், இறந்துகொண்டிருக்கிறது. கடித்திருக்க வாய்ப்பில்லை.

பாலு: கொன்றே விட்டார்

கார்த்தி: பெரியப்பா, எல்லாச் சுறாவுக்கும் அப்படி இல்லை. இது பகலில் இப்படித்தான் படுத்துக் கிடக்கும். வாயால் தண்ணீரை இழுத்துச் செவுள் வழியாக விட்டுக்கொள்ளும். இரவில்தான் வேட்டை. அதுவும் நத்தை, நண்டு, சின்ன மீன்

சந்திரன் பெரியப்பா: நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்.

சுதா: அப்பா, தண்ணீர்ப் பாம்பை நல்ல பாம்பு என்று சொல்லி வீட்டையே காலி செய்ய வைத்தது நினைவிருக்கிறதா?

சந்திரன் பெரியப்பா: அன்று வெளிச்சம் குறைவு.

கார்த்தி: புத்தகத்தில் இதன் பெயர் சீப்ரா சுறா

மாலா அத்தை: வரிக்குதிரையா? வரியே இல்லையே

கார்த்தி: குட்டியாக இருக்கும்போது வரி இருக்கும் அத்தை. வளர வளர வரி உடைந்து புள்ளியாகிவிடும். இங்கே தாய்லாந்தில் எல்லோரும் சிறுத்தைச் சுறா என்றுதான் சொல்கிறார்கள். கலிபோர்னியா பக்கம் அதே பெயரில் வேறொரு இனம் இருக்கிறது

சந்திரன் பெரியப்பா: ஆகவே நான் சொன்னது சரி. 👍

பாலு: இது என்ன அவ்வளவு பெரிய விஷயமா? கடலில் சுறா இருக்கத்தானே செய்யும்

கார்த்தி: நாங்கள் முக்குளிக்க இறங்கிய இடத்துக்குப் பெயரே ஷார்க் பாயின்ட், அத்தான். புக்கெட் பக்கம். இதை நிறையப் பார்த்ததால் வந்த பெயர். இப்போது அங்கே இதைப் பார்ப்பதே அபூர்வம். எங்கள் கைடே இந்த வருடம் இப்போதுதான் முதல்முறை பார்க்கிறார். உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்று 2016லேயே சிவப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்

கார்த்தி: கைடு நெற்றியில் கையைச் செங்குத்தாக வைத்தார், சுறா என்று சைகை. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. 18 மீட்டர் ஆழம், எல்லாம் மணல் நிறம். அப்புறம் மணலில் ஒரு கோடு மட்டும் நீண்டுகொண்டே போனது. அதுதான் வால். உடம்பில் பாதி வால்தான். கிட்டப் போனால் மூக்கு ஓரத்தில் சின்னதாக இரண்டு மீசை, முதுகில் மணல் தூவியது போல. நான் மூச்சு விட்ட குமிழிச் சத்தம் பிடிக்கவில்லையோ என்னவோ, வாலை ஒரு தடவை வளைத்தது. மணல் புகை மாதிரி எழுந்தது. அவசரமே இல்லாமல் போய்விட்டது

வசந்தா சித்தி: கிட்ட என்றால் எவ்வளவு கிட்ட?

கார்த்தி: சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் அம்மா

சந்திரன் பெரியப்பா: இன்னொரு செய்தி. ஆஸ்திரேலியாவில் டவுன்ஸ்வில் மீன் காட்சியகத்தில் லியோனி என்ற சீப்ரா சுறா, 2012க்குப் பிறகு ஆண் துணையே இல்லாமல் இருந்து, 2016ல் மூன்று குட்டிகளைப் பெற்றது. முட்டை பொரித்து வந்த குட்டிகள். இதே இனம்.

மாலா அத்தை: ஆண் இல்லாமலேயா?? அண்ணா, இதைச் சுதாவுக்குக் காட்டாதே

சுதா: பார்த்துவிட்டேன் 🙏 மனதுக்கு இதமாக இருக்கிறது

மாலா அத்தை: போன மாதம் சொன்ன பையனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை நீ

சுதா: அத்தை, இது சுறா பேச்சு

வசந்தா சித்தி: எல்லாம் போதும். கார்த்தி, இன்று ராத்திரி விமானத்தில் கிளம்பி வா

கார்த்தி: முடியாது அம்மா. மூன்று நாளாக இறங்கியிருக்கிறேன், கடைசியாக 3:40க்குத்தான் மேலே வந்தேன். குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏறலாம்

வசந்தா சித்தி: இதுவும் ஒரு சாக்கு

சந்திரன் பெரியப்பா: சாக்கு இல்லை வசந்தா. ஆழத்தில் நைட்ரஜன் ரத்தத்தில் கரைந்திருக்கும். மேலே அழுத்தம் குறைந்தால் சோடா பாட்டில் திறந்த மாதிரி குமிழாகிவிடும். இதில் நான் அவன் பக்கம்.

சுதா: வரலாற்றில் முதல்முறை

வசந்தா சித்தி: அத்தானும் சேர்ந்துகொண்டாரா. சரி, நாளை மதியம். அதுவரை தண்ணீரில் காலை நனைக்கக் கூடாது

கார்த்தி: நாளை மறுநாளாக்கலாமா? இடப் பக்கம் மட்டும்தான் படம் எடுத்தேன். புள்ளிகள் ஒவ்வொரு சுறாவுக்கும் வேறாக இருக்கும், கைரேகை மாதிரி. வலப் பக்கமும் கிடைத்தால் அடையாளம் காண்பவர்களுக்குச் சேர்த்து அனுப்பலாம்

வசந்தா சித்தி: கூடாது

சந்திரன் பெரியப்பா: இடப் பக்கத்தை அனுப்பு, போதும். நான் ஒரு குறிப்பு எழுதித் தருகிறேன்.

சுதா: வேண்டாம் அப்பா

பாலு: டேய், படத்தின் ஓரத்தில் ஏதோ மங்கலாக இருக்கிறதே. என் கேமரா கூட்டுக்குள் தண்ணீர் போகவில்லைதானே?

பாலு: கார்த்தி?

பாலு: பார்த்துவிட்டாய், நீல டிக் வந்துவிட்டது

கார்த்தி: பெரியப்பா, அந்த லியோனி பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்களேன்