ஆர்சனைட்டு, ஆர்சனேட்டு: மூவிணை, ஐயிணை என்று பிரிக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

யங்கூனிலிருந்து எழுதுகிறேன். ஐராவதிக் கழிமுகத்தில் குழாய்க்கிணற்று நீரைக் குடிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக ஒரு துண்டறிக்கையைத் தமிழாக்கி வருகிறேன். நீரில் கலந்திருக்கும் ஆர்சனிக் என்னும் நஞ்சின் இரு வடிவங்களைக் குறிக்கும் ஆர்சனைட்டு, ஆர்சனேட்டு என்னும் இரு சொற்களில் வேலை நின்றுவிட்டது. கையெழுத்தில் னை, னே இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன. கோயில் வகுப்பில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் இரண்டையும் ஒரே சொல்லாகவே வாசித்தார்கள். ஆய்வகத்தில் வெள்ளி நைட்ரேட்டைச் சேர்த்தால் ஒன்று மஞ்சளாகவும் மற்றது செம்பழுப்பாகவும் வீழ்படிவாகும். வேதியியல் இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டுவதை நம் எழுத்து குழப்பக் கூடாது.

இவற்றுக்கு மாற்றாகப் பாடாணம் (நச்சுத் தாதுப்பொருள்) என்ற சொல்லை ஒருவர் சொன்னார். எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் சித்த மருத்துவம் 64 பாடாணங்களைச் சொல்கிறது. பாதரசம் கலந்த லிங்கமும் அவற்றில் ஒன்று. அரிதாரம், மனோசிலை ஆகியவை ஆர்சனிக்கின் கந்தகச் சேர்மங்கள். நம் இரு வடிவங்களுக்கும் அப்பெயர்கள் பொருந்தா. தனிமத்தை ஆர்சனிக் என்றே விட்டுவிடுவோம்.

உயிரக (ஆக்சிசன்) அணு மூன்று உள்ள ஆர்சனைட்டைக் 'குறை' என்றும் நான்கு உள்ள ஆர்சனேட்டை 'நிறை' என்றும் அழைக்கலாம் என்ற யோசனை கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ஆபத்தானது. உயிரகம் குறைந்த ஆர்சனைட்டுதான் நஞ்சில் கொடியது. நொதிகளின் கந்தகத் தொகுதிகளைப் பற்றிக்கொண்டு அவற்றை முடக்குகிறது. ஆர்சனேட்டோ பாஸ்பேட்டைப்போல வேடமிட்டு உயிரணுவுக்குள் நுழைகிறது. 'குறை ஆர்சனிக்' என்று படிக்கும் தாய் கேடு குறைவு என்று நினைத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவாள். யாழ்ப்பாண நண்பர் 'வலுவளவை' (அணுக்கள் பிணையும் திறனுக்கு இலங்கை வழக்கு) அடியொற்றிச் சொன்ன மூவலு, ஐவலு என்பதையும் இதனால்தான் ஏற்கத் தயங்குகிறேன். ஐவலு என்றால் வலிமை மிக்கது என்றல்லவா தோன்றும்?

அதே திறனை இணைதிறன் என்றும் சொல்வோம். அது ஆர்சனைட்டில் மூன்று, ஆர்சனேட்டில் ஐந்து என்பதைக் கொண்டு முறையே மூவிணை ஆர்சனிக், ஐயிணை ஆர்சனிக் என்று முன்மொழிகிறேன். இணை என்றால் சோடி என்று சிலர் கொள்ளலாம். அந்தப் பிழையால் எவருக்கும் கேடு வராது.

இப்பெயர்களில் 'உப்பு' என்ற சொல்லை வேண்டுமென்றேதான் விட்டேன். சோடியம் ஆர்சனைட்டு போன்றவை புட்டியில் இருக்கும்போது உப்புகள்தாம். கிணற்று நீரில் மூவிணை ஆர்சனிக் பெரும்பாலும் மின்சுமையற்ற அமில மூலக்கூறாகவே இருக்கிறது. அதனால்தான் இரும்புத்துரு வடிகட்டியில் சரியாக ஒட்டாமல் நழுவுகிறது. மின்சுமையுள்ள ஐயிணை நன்றாக ஒட்டிக்கொள்கிறது. தவிர, உப்பு என்றவுடன் மக்கள் நீரைச் சுவைத்துப் பார்ப்பார்கள். ஆர்சனிக்குக்குச் சுவையில்லை, நிறமில்லை, மணமில்லை. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். எந்த நாக்கும் அதை அறியாது. கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் வற்ற வற்ற அடர்த்தி கூடும்.

துண்டறிக்கையில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'பிளீச்சிங் பவுடரால் மூவிணை ஆர்சனிக்கை ஐயிணையாக மாற்றிய பிறகே வடிகட்ட வேண்டும்.' வாசிக்கும்போது எங்காவது இடறுகிறதா என்று சொல்லுங்கள். அச்சுக்குக் கொடுக்குமுன் திருத்திவிடுகிறேன்.