ஒன்றரை டன் ஏசி: அந்த ‘டன்’ எதனுடைய எடை?

கேள்வி:
வணக்கம். ஒன்றரை டன் என்று விற்கப்படும் ஏசி ஒன்றின் நட்சத்திர லேபிளில், குளிர்விக்கும் திறன் 5,000 வாட் என்று அச்சிடப்பட்டிருந்தது. அவ்வளவு மின்சாரத்தை அது இழுக்குமானால் எங்கள் பழைய வீட்டு வயரிங் தாங்காது. டன் என்பது நிச்சயமாகக் கருவியின் எடையும் அல்ல. அப்படியானால் இவ்விரண்டு அளவுகளும் எதைக் குறிக்கின்றன?

பதில் 1:
அது பனிக்கட்டியின் எடை. குளிர்விக்கும் இயந்திரங்கள் வருவதற்கு முன், அமெரிக்க ஏரிகளில் வெட்டியெடுத்த பனிக்கட்டியே விற்பனைக்குரிய குளிராக இருந்தது. (அது கப்பலேறிச் சென்னைக்கும் வந்தது, 1842இல் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ் அதைச் சேமித்து வைத்த கிடங்குதான்.) எனவே புதிய இயந்திரம் எத்தனை டன் பனிக்கட்டியின் வேலையைச் செய்கிறது என்று கணக்கிடுவது அமெரிக்கர்களுக்கு இயல்பாக இருந்தது. அமெரிக்க டன் 2,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 907 கிலோ. 0 டிகிரி செல்சியஸில் உள்ள அவ்வளவு பனிக்கட்டியும் 24 மணி நேரத்தில் உருகி நீராவதற்கு எந்த வேகத்தில் வெப்பத்தை உறிஞ்ச வேண்டுமோ, அந்த வேகமே ஒரு டன். பவுண்டுக்கு 144 பிடியு (BTU என்னும் வெப்ப அலகு) வீதம் மொத்தம் 2,88,000 பிடியு, மணிக்கு 12,000. வாட் கணக்கில் இது 3,517.

பதில் 2:
வயரிங் பற்றிய அச்சத்துக்கு: 5,000 வாட் என்பது அறையிலிருந்து வெளியேற்றப்படும் வெப்பம். கம்ப்ரசர் அந்த வெப்பத்தை இடம் மாற்றும் வேலையை மட்டுமே செய்வதால், அதற்குச் சுமார் 1,500 வாட் மின்சாரம் போதும். ஆயினும் அதற்கெனத் தனி லைன் இழுப்பதே நல்லது.

பதில் 3:
ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். லேபிளில் உள்ள திறன், உள்ளே 27 டிகிரியும் வெளியே 35 டிகிரியும் இருக்கும் சோதனை அறையில் அளக்கப்பட்டது. வெளியே 43 டிகிரி கொளுத்தும் மே மாத மதியத்தில் அதே கருவியின் திறன் குறைந்துவிடும். மேலும், கடலோர ஊர்களில் அத்திறனின் ஒரு பகுதி காற்றின் ஈரத்தை நீராக்கி வடிப்பதிலேயே செலவாகிறது. குழாயில் சொட்டும் நீர் அதன் அடையாளம். வெப்பமானியில் அந்தப் பகுதி தெரியாது, ஆனால் புழுக்கம் குறைவதை உடல் உணரும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. 5,000ஐ 3,517ஆல் வகுத்துப் பார்த்தேன், 1.42தான் வருகிறது. ஒன்றரை டன்னுக்கு 5,275 வாட் இருக்க வேண்டுமே! இனி பெட்டியின் மேலுள்ள டன்னை விட்டுவிட்டு, லேபிளில் உள்ள வாட்டைக் கொண்டே கருவிகளை ஒப்பிடப் போகிறேன்.