தீம் பார்க் போகிற குடும்பத்துக்கு வெயிட் இல்லாத கேமரா எது? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்

ஸ்டுடியோக்காரர், ராமநாதபுரம்

ஊரில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பரீட்சை முடிந்து லீவு விட்டதும் பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் போட்டோ எடுக்கக் குடும்பம் குடும்பமாக வருவார்கள், சிங்கப்பூர், துபாய், மலேசியா என்று. பிள்ளைக்குத் தலை சீவி, கண் சிமிட்டாமல் உட்கார வைத்து எடுத்து முடிப்பதற்குள் அப்பா மெதுவாக ஆரம்பிப்பார்: "அண்ணே, அங்க தீம் பார்க்கெல்லாம் போறோம், போன்லயே எடுத்தாப் போதுமா, இல்ல ஒரு கேமரா வாங்கிரலாமா? வெயிட் இல்லாமச் சொல்லுங்க." ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். போய்வந்தவர்கள் உங்கள் கதையையும் சேருங்கள்.

எத்தனை கிராம் என்று கேட்கிறவரிடம் நான் திருப்பிக் கேட்பது, பிள்ளைக்கு எத்தனை வயசு என்றுதான். ஆறு வயசுக்குக் கீழே என்றால் பார்க்குக்குள் நுழைந்ததிலிருந்து வெளியே வரும்வரை உங்கள் ஒரு கை அந்தப் பிள்ளையிடம் போய்விட்டது. மிச்சம் இருப்பது ஒரு கை. லென்ஸ் மாற்றுகிற பெரிய கேமராவான டிஎஸ்எல்ஆரை ஒரு கையில் பிடிக்கலாம், ஆனால் ஜூம் வளையத்தைத் திருக இன்னொரு கை வேண்டும். கேனான் 200டி இரண்டாவது மாடலை எடுத்துக்கொள்ளுங்கள், பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 449 கிராம், கூட வரும் 18-55 லென்ஸ் 215 கிராம், மொத்தத்தில் முக்கால் கிலோகூட இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைவிடக் குறைச்சல்தான், அதை யாரும் பாரம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் இரண்டு கை கேட்கிற சாமான் என்பதால் அது முதல் அரை மணி நேரத்திலேயே பைக்குள் போய்விடும், அதற்கு மேலே பிள்ளையின் மாற்றுத் துணி, பிஸ்கட் பாக்கெட், துண்டு எல்லாம் ஏறிக்கொள்ளும். கரடி வேஷம் போட்டவர் வந்து பிள்ளைக்குக் கை கொடுத்துவிட்டுப் போன பிறகுதான் கேமரா வெளியே வரும். கல்யாணத்துக்கு நான் தூக்குவது இதைவிட மூன்று மடங்கு, அது என் தொழில், என் பிள்ளையை அப்போது வேறு யாரோ பார்த்துக்கொள்கிறார்கள்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை சொல்வேன். தெரிந்தவர் யாரிடமாவது அந்தக் கேமராவை ஓசி வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி வெயிலில் அரியமான் பீச்சுக்குக் குடும்பத்தோடு போங்கள். பையும் உங்கள் தோளில்தான், பிள்ளையும் உங்கள் கையில்தான். ஆறு மணிக்குள் "இதக் கொஞ்சம் பிடி" என்று வீட்டம்மாவிடம் நீட்டிவிட்டீர்கள் என்றால் அந்தக் கேமரா டூருக்கு ஆகாது. சவுக்குத் தோப்புக்குள் ஓடுகிற பிள்ளையை ஒற்றைக் கையால் நாலு படம் எடுக்க முடிந்தால், ஆகும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சட்டைப்பை கேமராவில் ஒரு இன்ச் சென்சார் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு) வகைதான் என் சிபாரிசு. சோனி ஆர்எக்ஸ்100 ஏழாவது மாடல் 302 கிராம், கேனான் ஜி7எக்ஸ் மூன்றாவது மாடல் 304 கிராம், இரண்டும் 2019இல் வந்தவை. எடையில் வித்தியாசமே இல்லை, லென்ஸில்தான் ரெண்டும் வேறு வேறு சாதி. சோனியின் ஜூம் 24 மில்லிமீட்டரிலிருந்து 200 வரை இழுக்கும், அதனால் தூரத்து மேடையில் ஆடுகிறவர் முகம் வரைக்கும் போகலாம். கேனான் 100உடன் நின்றுவிடும். ஆனால் அதன் வாய், அதாவது வெளிச்சம் நுழையும் திறப்பு, பெரிது (எஃப் எண் குறையக் குறைய வாய் பெரிது), எஃப் 1.8இல் தொடங்கி முழு ஜூமிலும் 2.8இல் நிற்கும். சோனி தொடக்கத்திலேயே 2.8, இழுக்க இழுக்க 4.5க்கு இறங்கிவிடும். 1.8க்கும் 4.5க்கும் நடுவே வெளிச்சம் ஆறு மடங்கு குறைகிறது. பகலில் இது ஒரு பொருட்டே இல்லை, இருட்டு அறைக்குள் நடக்கும் ஷோவிலும், ராத்திரி விளக்கு ஊர்வலத்திலும்தான் பிள்ளையின் முகம் மங்கிக் கலங்கிப் போகும்.

அதே நேரம் நம் பக்கத்து ஆட்களுக்கு இன்னொன்று முக்கியம், வெயில். தனுஷ்கோடி மணலில் நடுப்பகலில் நின்று கேமரா திரையைப் பார்த்தவருக்குத் தெரியும், கறுப்பாகத்தான் இருக்கும், அவரவர் மூஞ்சிதான் அதில் தெரியும். சோனியில் மூலையிலிருந்து மேலே எழும்பும் வியூ ஃபைண்டர் இருக்கிறது, கண்ணை வைத்துப் பார்க்கலாம். கேனானில் அது கிடையாது. ஊர் கடற்கரையிலும் எடுக்க வேண்டும் என்றால் சோனி, பெரும்பாலும் மாலை, ராத்திரி, கடைக்குள், ஷோவுக்குள் என்றால் கேனான். இப்படித்தான் நான் பிரித்துச் சொல்வேன்.

கீழக்கரையிலிருந்து

அண்ணன், நாங்கள் போன லீவில் சிங்கப்பூர் போய்வந்தோம், என் காக்கா (அண்ணன்) அங்கே வேலை பார்க்கிறார். செந்தோசாவில் யூனிவர்சல் ஸ்டுடியோஸ் ஒரு நாள் முழுக்க. கேமரா விஷயத்தில் நாங்கள் எடுத்த முடிவு வேறு. ஒரு போன், கூடவே தண்ணீருக்குள் போடுகிற வகைக் கேமரா ஒன்று, மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்தது.

ஏன் என்றால், அங்கே தண்ணீருக்குப் பயந்தால் ஒன்றும் நடக்காது. மத்தியானம் ஆனால் மழை கொட்டும். ஜுராசிக் பார்க் பகுதியில் வட்டத் தெப்பத்தில் உட்கார வைத்துத் தள்ளிவிடுவார்கள், இறங்கும்போது உள்பாவாடை வரை நனைந்திருக்கும். சுத்துகிற, தலைகீழாகப் போகிற ரைடுகளில் கையில் எதையும் விடமாட்டார்கள், லாக்கரில் வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். அதனால் ரைடுக்குள் படம் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டு எதையும் வாங்காதீர்கள். நமக்குக் கிடைப்பது ஏறுவதற்கு முன்னால் உள்ள முகமும் இறங்கின பிறகு உள்ள முகமும்தான். சொல்லப்போனால் அதுதான் நல்ல படமும். என் மகன் நனைந்துபோய், முடி நெற்றியில் ஒட்டி, பல்லெல்லாம் தெரிய வந்து நின்ற படத்தைத்தான் என் வாப்பா போனில் வால்பேப்பராக வைத்திருக்கிறார்.

நனையாத கேமரா என்றால் வரிசையில் பிள்ளை கையிலேயே கொடுத்துவிடலாம். கீழே போட்டாலும் ஒன்றும் ஆகவில்லை. அவன் எடுத்ததில் பாதி தரை, பாதி யாரோ ஒருவருடைய முழங்கால், ஆனாலும் அவன் உயரத்திலிருந்து எடுத்த இரண்டு படம் எங்கள் யாராலும் எடுக்க முடியாதது. குறை என்னவென்றால் கட்டடத்துக்குள் நடக்கும் ஷோவில் எடுத்ததெல்லாம் புள்ளி புள்ளியாக வந்தது. அங்கே போன்தான் கை கொடுத்தது.

இன்னொன்று பெண்கள் சொல்லாமல் விடுகிற விஷயம். ஊருக்கு வந்து உம்மாவுக்குப் படம் காட்டும்போது பார்க்கிறேன், எல்லாரும் இருக்கிறார்கள், நான் ஒன்றிரண்டில் ஓரமாக. எடுத்தது நான் என்றால் நான் எப்படி இருப்பேன்? கேமரா வாங்கினால் திரை முன்பக்கம் திரும்புகிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்காரருக்குப் பத்து நிமிஷம் சொல்லிக்கொடுத்து, அவரை எடுக்க வையுங்கள். குச்சியை நம்பிப் போகாதீர்கள். டிஸ்னி பார்க்குகளில் 2015இலேயே செல்ஃபி குச்சிக்குத் தடை போட்டுவிட்டார்கள்.

பாம்பனிலிருந்து

நான் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறேன், கேமரா பற்றிப் பெரிதாகத் தெரியாது, ஆனால் கேமரா எப்படிச் சாகும் என்று தெரியும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அரிச்சல்முனையில் இறங்கியதும் முதல் வேலையாக அதை எடுத்து ஆன் பண்ணி லென்ஸை நீட்டிக்கொண்டே நடப்பார்கள். கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாசத்தில் அங்கே மணல் கணுக்கால் உயரத்துக்குப் பறக்கும், சமயத்தில் முகத்திலேயே அடிக்கும். நீட்டின குழாய்க்கும் வளையத்துக்கும் நடுவே ஒரு பொடி மணல் போனால் முடிந்தது கதை, உள்ளே போகும்போது கரகரவென்று ஒரு சத்தம், அப்புறம் பாதியில் நிற்கும், திரையில் லென்ஸ் எரர். ஒரு கோயம்புத்தூர் குடும்பம், ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாக இங்கே வந்தவர்கள், அந்தப் பெரியவர் வேனுக்குள் உட்கார்ந்து அதை ஊதி ஊதிப் பார்த்தார், பாவம்.

அப்புறம் அவர் வேஷ்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்தார் பாருங்கள், அதுதான் தாங்க முடியவில்லை. கடல் காற்றில் அரை மணி நின்றாலே கண்ணாடியில் உப்பு படியும், அதை அப்படியே தேய்த்தால் கீறல்தான். முதலில் ஊதி உதறிவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். வேன் கண்ணாடிக்கே நான் அப்படித்தான் செய்கிறேன். போனைப் பைக் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு பாலத்தின் மேல் வீடியோ எடுத்துவரும் பசங்களும் கவனியுங்கள், எஞ்சின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் கம்பெனியே 2021இல் அறிவித்திருக்கிறது.

பரமக்குடியிலிருந்து

எல்லாரும் சிங்கப்பூர், துபாய் என்கிறீர்கள். எங்களுக்கு மதுரை பரவை பக்கம் இருக்கிற அதிசயம் பார்க்தான், காலையில் பஸ் ஏறினால் ராத்திரி வீடு. அங்கே பாதி நேரம் தண்ணீருக்குள், மீதி நேரம் சாப்பாடு. இதற்கு எதற்கு முப்பதாயிரம், ஐம்பதாயிரம் போட்டுக் கேமரா? போனை லாக்கரில் வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு தண்ணீரில் இறங்குங்கள், வாசலில் ஒரு படம், சாப்பிடும்போது ஒரு படம் போதும். போனை நெகிழிப் பைக்குள் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எடுத்தவர்கள் படத்தைப் பார்த்தேன், உள்ளே ஆவி படிந்து எல்லாரும் பனியில் நிற்பதுபோல் இருந்தார்கள்.

ஸ்டுடியோக்காரர், ராமநாதபுரம்

பரமக்குடி அண்ணாச்சி சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், ஒரு நாள் பார்க்குக்குக் கேமரா வாங்கச் சொல்லி நான் யாரையும் கிளப்பிவிடவில்லை. ஐந்தாறு நாள் வெளிநாடு, அதில் பார்க்கும் உண்டு, அப்புறம் ஊரிலும் பிள்ளை வளர்கிறவரை வைத்து எடுக்கப்போகிறோம் என்கிறவர்களுக்குத்தான் இந்தப் பேச்சு.

கீழக்கரைத் தங்கச்சி சொன்ன புள்ளிக்குக் காரணம் சென்சார் அளவு. தண்ணீர்க் கேமராக்களில் பெரும்பாலும் இருப்பது 1/2.3 இன்ச் வகை, நான் சொன்ன ஒரு இன்ச் வகையில் நாலில் ஒரு பங்குப் பரப்புதான் வரும். இருட்டில் அது திணறத்தான் செய்யும். ஆனால் பாம்பன் தம்பி சொன்ன மணல் வியாதி அதற்கு வராது, ஜூம் முழுக்க உடம்புக்குள்ளேயே நடக்கும், எதுவும் வெளியே நீளாது. ஓஎம் சிஸ்டம் டிஜி7 மாதிரிக் கேமரா 249 கிராம், 15 மீட்டர் ஆழம் வரை தாங்கும், இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும்படி செய்தது. ஆக, வருஷத்துக்கு ஒரு தடவை பார்க், மற்ற நாளெல்லாம் நம் கடற்கரை என்கிற குடும்பத்துக்கு இதையும் சொல்லலாம் போலிருக்கிறது, இனி நான் சொல்லத்தான் போகிறேன். கடலில் போட்டுவிட்டு வந்தால் நல்ல தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊற வைத்துக் கழுவுங்கள், மூடி சரியாகப் பூட்டியிருக்கிறதா, அந்த ரப்பரில் முடி, மணல் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகு.

போன் நனையாது என்று பெட்டியில் ஐபி68 போட்டிருப்பதை நம்பி நம் கடலில் இறக்காதீர்கள். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. உப்புத் தண்ணீர் சார்ஜர் ஓட்டையில் தங்கினால் அரித்துவிடும், உள்ளே தண்ணீர் போனால் பெரும்பாலும் வாரண்டியும் கிடைக்காது.

கோப்ரோ (உடம்பிலோ வண்டியிலோ மாட்டி எடுக்கிற குட்டிக் கேமரா) வாங்கட்டுமா என்று மூன்று பேர் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். ஹீரோ 12 வெறும் 154 கிராம், பத்து மீட்டர் வரை தண்ணீரில் இறங்கும், சரிதான். ஆனால் ஜூம் லென்ஸ் இல்லை, எல்லாம் அகலமாக விழும், பாட்டி முகம் ஓரத்தில் இழுபடும். கடலில் குதிக்கிற வயசுப் பசங்களுக்கு அது.

சில்லறை விஷயங்கள். உபரி பேட்டரியை விமானத்தில் ஏற்றும் பெட்டியில் போடக் கூடாது, கைப்பையில்தான், இது எல்லா விமானத்துக்கும் பொது. சின்னக் கேமராவில் பேட்டரியும் சின்னது, ஆர்எக்ஸ்100 ஏழுக்குக் கம்பெனி கணக்கே ஒரு சார்ஜுக்கு 260 படம்தான், எனவே இன்னொன்று கட்டாயம் வேண்டும். ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் புகை படியும், சிங்கப்பூரிலும் அப்படித்தான் நம்மூரிலும் அப்படித்தான். வெளியே வருவதற்கு முன் ஜிப் கவருக்குள் போட்டுவிட்டு, வெளிச் சூடு ஏறின பிறகு எடுங்கள், அவசரப்பட்டுத் துடைத்தால் திரும்பத் திரும்பப் படியும். கழுத்து வாரைக் கழற்றிவிட்டு மணிக்கட்டு வார் போடுங்கள், தூக்கிய பிள்ளை கழுத்து வாரைத்தான் முதலில் பிடித்து இழுக்கும்.

மேலே சொன்ன சோனியும் கேனானும் பழையது ஒன்றொன்று என் கடையில் கிடக்கிறது, சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளையோடு வந்து ஒற்றைக் கையில் பிடித்துப் பாருங்கள். வருவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள், மறுநாள் முகூர்த்தம் என்றால் கடை பூட்டியிருக்கும், நான் ஏதாவது மண்டபத்தில் லைட் கட்டிக்கொண்டிருப்பேன்.