விடியலில் தெரிந்த வெற்றுச் சுழல்

கடல் சூடாக இருந்தால் போதும், புயல் தானாக வலுத்துவிடும் என்றுதான் நானும் வெகுகாலம் நம்பியிருந்தேன். அந்த எண்ணத்தை ஒரே இரவில் மாற்றியது ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். அன்று கடலின் மேற்பரப்பு வெப்பநிலை 29 டிகிரி செல்சியஸ். புயல் உருவாகப் பொதுவாகத் தேவைப்படும் 26.5 டிகிரியை விட அது நன்றாகவே அதிகம். வெப்பநிலை வேறுபாட்டைக் கொண்டு இரவிலும் மேகங்களைக் காட்டும் அகச்சிவப்புச் செயற்கைக்கோள் படங்களில் குளிர்ந்த மேக உச்சிகள் மேன்மேலும் திரண்டுகொண்டிருந்தன. மையம் அவற்றுக்கு நேர்கீழே இருப்பதாக எண்ணி, விடிவதற்குள் இது புயலாகிவிடும் என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்.

சூரிய ஒளியில் எடுக்கப்பட்ட முதல் படம் வந்தபோது திகைத்துப் போனேன். மெல்லிய தாழ்மேகங்கள் நூலிழைகளாக வளைந்து சுற்ற, ஒரு வெற்றுச் சுழல் கடல்மீது தனித்து நின்றது. இடிமேகக் கூட்டம் முழுவதும் அதற்கு மேற்கே வெகுதூரம் ஒதுங்கிக் கிடந்தது. தாழ்மேகங்களின் வெப்பநிலை கடற்பரப்பின் வெப்பநிலையிலிருந்து அதிகம் வேறுபடாது என்பதால், அகச்சிவப்புப் படத்தில் இரவு முழுவதும் அந்தச் சுழல் என் கண்ணில் படவே இல்லை.

காரணம் காற்று முறிவு. ஏறத்தாழ 1.5 கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்றுக்கும் 12 கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்றுக்கும் இடையே திசையிலும் வேகத்திலும் உள்ள வேறுபாட்டையே அவ்வாறு சொல்கிறோம். நீராவி மேகமாகும்போது வெளிவரும் வெப்பம் மையத்துக்கு மேலேயே தங்கினால்தான் அங்கே அழுத்தம் இறங்கும். மேலடுக்குக் காற்று அதை ஒரு பக்கமாக அடித்துச் சென்றால் சுழல் சாய்ந்துவிடுவதோடு, நடு அடுக்கிலுள்ள வறண்ட காற்றும் உள்ளே புகுந்துவிடுகிறது. இந்த வேறுபாடு வினாடிக்கு 10 மீட்டரைத் தாண்டினாலே பெரும்பாலான புயல் சின்னங்கள் தடுமாறுகின்றன. தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் ஜூலை, ஆகஸ்டில் வங்கக்கடல் போதிய வெப்பத்துடன் இருந்தும் கடும் புயல்கள் அரிதாகவே தோன்றுவதற்கும், கீழடுக்கில் மேற்கிலிருந்து வரும் மேலைக்காற்றும் மேலடுக்கில் கிழக்கிலிருந்து வரும் கீழைக்காற்றும் பலமாக வீசுவதே முக்கியக் காரணம். கடல் வெப்பத்துக்குத் தரும் கவனத்தில் பாதியைக்கூட நாம் மேலடுக்குக் காற்றுக்குத் தருவதில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

இதற்கு நேர்மாறான காட்சியையும் பின்னர் ஒருமுறை பார்த்தேன். காற்று முறிவு குறைந்து, மேலடுக்கில் எதிர்ச்சுழற்சி (புயலுக்கு எதிர்த்திசையில் சுழன்று காற்றை வெளிநோக்கி விரிக்கும் அமைப்பு) அமைந்திருந்ததால், மையத்திலிருந்து வெண்ணிறக் கீற்று மேகங்கள் எல்லாத் திசைகளிலும் விசிறிபோல் விரிந்தன. மேலெழுந்த காற்று தடையின்றி வெளியேற, அந்தச் சின்னம் ஒரே நாளில் கண்முன்னே வலுத்தது.

முதலில் சொன்ன சுழலோ மேலும் இரண்டு நாள் கடலில் அலைந்தது. மாலையில் அதன் ஓரத்தில் சிறிது இடிமேகம் எழும். சில மணி நேரத்தில் மேலைக்காற்றுக்கு மேலே வீசிய கீழைக்காற்று அதையும் மேற்கே இழுத்துச் சென்றுவிடும். மூன்றாம் நாள் படத்தில் அந்த நூலிழைகளும் இல்லை.